நுவலா நுவற்சியும் முகமும்: தொன்மக் கேலிச்சித்திர அச்சுகளில் ஆள்வோர் (பாரீஸ் 1831, எடோ 1843)

ஆய்வுச் சுருக்கம்

ஆள்வோரைத் தொன்மக் கதைமாந்தராக வரைந்து எள்ளும் வழக்கம் அச்சுப்பட வரலாற்றில் பரவலாகக் காணப்படுவது. பிரெஞ்சு ஓவியர் ஒனோரே டோமியே 1831இல் மன்னன் லூயி பிலிப்பைக் கர்கான்துவா என்னும் பூதனாக வரைந்தார், சிறை சென்றார். யப்பானிய ஓவியர் உத்தாகவா குனியோஷி 1843இல் வரைந்த மண்சிலந்திப் படத்தில் நோயுற்றுக் கிடக்கும் வீரன் ராய்க்கோவை எடோ நகர மக்கள் ஷோகன் இயெயோஷியாகக் கண்டனர்; ஓவியர்மீது வழக்கேதும் எழவில்லை. இவ்விரு விளைவுகளும் வேறுபட்டமைக்கான காரணத்தை இக்கட்டுரை படங்களின் அமைப்பிலும் அச்சுத் தொழிலின் இயல்பிலும் தேடுகிறது. தமிழ் அணியிலக்கணத்தின் உருவகம், ஒட்டு ஆகிய இரு கருத்தாக்கங்களும் அதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கேலிச்சித்திரம், தொன்மம், ஒட்டணி, உருவகம், தணிக்கை, கல்லச்சு, மரக்கட்டை அச்சு, டோமியே, குனியோஷி.

முன்னுரை

தொன்மத்தின் போர்வையில் அரசனை எள்ளுவது பாதுகாப்பான வழி என்னும் எண்ணம் கலை வரலாற்று எழுத்துகளில் ஏறத்தாழ ஒரு வாய்பாடாகவே நிலைத்துவிட்டது. ‘நேரே சொல்ல இயலாததைக் கதையாகச் சொன்னார்’ என்பது அவ்வாய்பாடு. இது பாதி உண்மைதான். ஒரே உத்தியைக் கையாண்ட இரு ஓவியருள் ஒருவரை அது காத்தது; மற்றவரைக் காக்கவில்லை. எனவே தொன்மம் காக்கும் என்று பொதுப்படக் கூறுவதினும், எவ்வகைத் தொன்மப் பயன்பாடு எந்த நிலையில் காக்கும் என்று கேட்பதே பொருந்தும்.

சட்டங்களின் கடுமையை வைத்து இதற்கு விடை காண முயன்றால் முரண்பாடே மிஞ்சும். 1831இன் பிரான்சு, தணிக்கை இனி ஒருபோதும் மீட்கப்படாது என்று 1830ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்த நாடு. 1843இன் எடோ நகரிலோ தணிக்கையாளர் முத்திரையின்றி ஒரு படமும் முறைப்படி விற்பனைக்கு வர இயலாது. உரிமை மிக்க நகரில் ஓவியர் சிறைப்பட்டார். கட்டுப்பாடு மிக்க நகரில் ஓவியர் தப்பினார்.

பூதன் கர்கான்துவா

கர்கான்துவா பிரெஞ்சு நாட்டார் வழக்கில் உலவிய பெருந்தீனிப் பூதன். பதினாறாம் நூற்றாண்டில் ரபலே அவனைத் தம் நூலின் தலைவனாக்கி அழியாப் பெயர் தந்தார். ஆயினும் மக்கள் நினைவில் அவன் இலக்கியப் பாத்திரமாக மட்டும் நிற்கவில்லை. எத்தனை ஊட்டினாலும் நிறையாத வயிற்றின் பெயராகவே நின்றான்.

1830 சூலைப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப் தம்மைக் ‘குடிமக்களின் அரசன்’ என்று காட்டிக்கொண்டவர். அரசகுடும்பச் செலவுக்காக நாடு ஆண்டுதோறும் வழங்கவேண்டிய படி எவ்வளவு என்பது அக்காலத்தில் சூடான விவாதப் பொருளாக இருந்தது. 1832 மார்ச்சில் அது 1 கோடியே 20 இலட்சம் பிராங்கு என முடிவாயிற்று. அவ்விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, 1831 திசம்பரில், டோமியேயின் கல்லச்சுப் படம் ஓபேர் அச்சகத்தின் வழியே வெளிவந்தது. ஓவியருக்கு அப்போது அகவை 23.

படத்தின் அமைப்பு எளியது. நடுவே அரசன் மலைபோல் அமர்ந்திருக்கிறான். அவன் வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை சாய்ந்து கிடக்கிறது. வலப்புறம் கந்தலுடுத்த ஏழைகள் தம் காசைக் கூடைகளில் கொட்டுகின்றனர். சிற்றுருவ அலுவலர் அக்கூடைகளைச் சுமந்து பலகைமேல் ஏறி வாயில் இடுகின்றனர். சிந்தும் காசைப் பொறுக்க அடியில் ஒரு கூட்டம். அரசன் அமர்ந்திருக்கும் இருக்கை அரியணை போலவும் மலங்கழிக்கும் நாற்காலி போலவும் ஒருசேரத் தோன்றுகிறது. அதன் கீழே விழுபவை பதவி நியமனங்கள், பட்டங்கள், விருதுகள். அவற்றை ஏந்திக்கொண்டு சிலர் நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஓடுகின்றனர். வரி உணவாகிறது, சலுகை கழிவாகிறது. அரசியல் பொருளியலை ஒற்றைச் செரிமானப் பாதையாக இத்துணைத் தெளிவாக வரைந்த படம் அதற்கு முன் உண்டா என்பது ஐயமே.

காவலர் படிகளைக் கைப்பற்றினர். 1832 பிப்ரவரியில் வழக்கு நடந்தது. அரசின்மீது வெறுப்பையும் இகழ்ச்சியையும் தூண்டியமை, அரசனை அவமதித்தமை ஆகியன குற்றச்சாட்டுகள். தண்டனை 6 மாதச் சிறையும் 500 பிராங்கு அபராதமும். சிறைவாசம் உடனே தொடங்கவில்லை. டோமியே அந்த இடைவெளியில் சும்மா இருக்கவுமில்லை. பிச்சைக்காரர் கூட்டத்துக்குத் தலைவனாக வழக்குக் கதைகளில் வரும் பெத்தோ அரசனின் அவையாக லூயி பிலிப்பின் அவையை வரைந்து 1832 ஆகத்தில் வெளியிட்டார். அம்மாத இறுதியில் செந்த் பெலாழி சிறைக்குள் புகுந்தார்.

பேரிக்காயும் நீதிமன்றமும்

கர்கான்துவாவின் தலை பேரிக்காய் வடிவம் கொண்டது. இவ்வடிவம் வந்த வழியை அறிந்தாலன்றி வழக்கின் தன்மை விளங்காது. ‘லா கரிக்காத்தூர்’ இதழை நடத்திய ஷார்ல் பிலிப்போன், அதே 1831 நவம்பரில் மற்றொரு படத்துக்காக நீதிமன்றத்தில் நின்றார். அங்கே அவர் நான்கு உருவங்களை வரைந்து காட்டினார். முதலாவது லூயி பிலிப்பின் முகம். இரண்டாவதும் மூன்றாவதும் சிறிது சிறிதாக உருமாறி, நான்காவது வெறும் பேரிக்காயாக முடிந்தது. முதலாவதைத் தண்டித்தால் இரண்டாவதையும் தண்டிக்கவேண்டும். அவ்வழியே சென்றால் பேரிக்காயையும் தண்டிக்க நேரும் என்பது அவர் வாதம். ஒப்புமையை அளவிட எல்லைக்கோடு எங்கே என்ற வினாவை அவர் நீதிபதிகளின் மடியில் இட்டார்.

வாதம் வென்றதா? இல்லை. பிலிப்போனுக்கு 6 மாதச் சிறையும் 2000 பிராங்கு அபராதமும் கிடைத்தன. ஆனால் பாரீஸின் சுவர்களெல்லாம் பேரிக்காய் ஆயின. சில வாரங்களில் டோமியே தம் பூதனுக்கு அத்தலையையே சூட்டினார். இதனால் கர்கான்துவா படம் இரு அடையாளங்களை ஒருங்கே சுமந்தது: ஒன்று பூதன் என்னும் கதைப்பெயர், மற்றொன்று அரசனின் முகம். கதை எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருப்பினும், முகம் அதனை நிகழ்காலத்தில் ஆணியடித்து நிறுத்திவிட்டது. ‘இது ரபலேயின் பூதன், அரசன் அல்லன்’ என்று கூற ஓவியருக்கு இடமே இல்லாது போயிற்று.

ராய்க்கோவும் மண்சிலந்தியும்

மினாமோட்டோ நோ யோரிமித்சு (948–1021) வரலாற்று மனிதர். ராய்க்கோ என்னும் பெயரில் தொன்ம வீரராகிவிட்டவர். அவருக்கு ‘நான்கு காவலர்’ எனப்பட்ட துணைவர் நால்வர்: வாதனபே நோ த்சுனா, சகாத்தா நோ கிந்தோக்கி, உராபே நோ சுவேதாக்கே, உசுயி நோ சதாமித்சு. மண்சிலந்திக் கதையில் ராய்க்கோ நோயுற்றுக் கிடக்கிறார். இரவில் துறவி வேடத்தில் வந்த சிலந்திப் பூதம் அவர்மேல் இழைகளை வீசுகிறது. அவர் வாளால் வெட்ட, அது குருதி சொட்ட ஓடுகிறது. குருதித் தடத்தைப் பின்பற்றிச் சென்ற வீரர் குகையில் அதனைக் கொல்கின்றனர். இக்கதை நோ நாடகமாகவும் ஓவியச் சுருளாகவும் கபுக்கி ஆடலாகவும் நெடுங்காலம் வழங்கியது. எடோ நகரச் சிறுவர்க்கும் தெரிந்த கதை என்று கொள்ளலாம்.

குனியோஷியின் படம் மூன்று தாள்கள் இணைந்த மரக்கட்டை அச்சு. 1843இல், தென்போ ஆண்டுக்கணக்கின் 14ஆம் ஆண்டில், இபாயா செந்சபுரோ அதனை வெளியிட்டார். வலப்புறம் ராய்க்கோ சாய்ந்து உறங்குகிறார். அவருக்குப் பின்னே பெருஞ்சிலந்தி எழுந்து இழைவிரிப்பைப் பரப்புகிறது. முன்னே நான்கு காவலர். அவருள் இருவர் கோ என்னும் கட்டப் பலகை ஆட்டத்தில் இருக்கின்றனர். எவரும் வாளை உருவவில்லை. பின்புற இருளில் மங்கிய நிறத்தில் எண்ணற்ற பேய்கள் படையாகத் திரண்டு நிற்கின்றன. மரபுக் கதையில் இத்தகைய பேய்ப்படைக்கு இடமில்லை. சிலந்தி ஒன்றே அங்கே பகை. படத்தின் பெரும் பகுதியைக் கதையில் இல்லாத ஒன்று நிரப்பியிருப்பதே நோக்குவோரை முதலில் நிறுத்தியிருக்கவேண்டும்.

அந்த ஆண்டுகள் எத்தகையன என்பதும் கருதத்தக்கது. மூத்த அமைச்சர் மிசுனோ தடாகுனி 1841இல் தொடங்கிய தென்போ சீர்திருத்தங்கள் நகர வாழ்வின் ஒவ்வொரு மூலையையும் தொட்டன. வணிகக் குழுக்கள் கலைக்கப்பட்டன. நாடக அரங்குகள் நகர மையத்திலிருந்து அசகுசாவின் ஒதுக்குப்புறத்துக்கு மாற்றப்பட்டன. புகழ்பெற்ற நடிகர் ஏழாம் இச்சிக்காவா தன்ஜூரோ 1842இல் ஆடம்பரக் குற்றத்துக்காக எடோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். எழுத்தாளர் தமெனகா ஷுன்சுயி கைவிலங்கிடப்பட்டார். நடிகர், கணிகையர் உருவங்களை அச்சிடுதல் தடையாயிற்று. வண்ணங்களின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அச்சுப்படத் தொழிலுக்குச் சோறு போட்டவை நடிகர் படங்களும் கணிகையர் படங்களுமே. அவை போனபின் எஞ்சியவை வீரக் கதைகள், அறக் கதைகள், இயற்கைக் காட்சிகள். ஆட்சியாளர் விரும்பிய நன்னெறிப் பொருள்கள் இவை. ராய்க்கோ கதை அவ்வகையில் குற்றமற்ற தேர்வு. வீரம், விசுவாசம், தீமையின் அழிவு என எல்லாம் அதில் உண்டு.

வாசித்தவர் யார்?

படம் வெளிவந்ததும் நகரில் வதந்தி பரவியது. உறங்கும் ராய்க்கோ பன்னிரண்டாம் ஷோகன் இயெயோஷி; அருகே அமர்ந்த சுவேதாக்கே மிசுனோ தடாகுனி; ஏனைய காவலர் பிற அமைச்சர்; பேய்ப்படை, சீர்திருத்தத்தால் பிழைப்பிழந்த தொழிலாளரின் மனக்குறைகள். ஒவ்வொரு பேயின் கையிலும் தலையிலும் உள்ள பொருளைக்கொண்டு அது எந்தத் தடைசெய்யப்பட்ட தொழிலைக் குறிக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு விளையாட்டாயிற்று. தடைபட்ட பரிசுச்சீட்டுக் குலுக்கல் அவ்வாறு கண்டறியப்பட்டவற்றுள் ஒன்று. படப்புதிர்களை விடுவிப்பது எடோ மக்களுக்குப் பழகிய பொழுதுபோக்கு. அப்பழக்கம் இங்கே அரசியலுக்குத் திரும்பியது. கண்டா பகுதியில் பழம்புத்தகக் கடை நடத்திய சுதோ யோஷிசோ நகரச் செய்திகளைத் திரட்டி எழுதிவைத்த ‘புஜியோகாயா நாட்குறிப்பு’ இவ்வாசிப்புகள் பற்றிய நம் முதன்மைச் சான்றாகும்.

இவ்வாசிப்புக்கு ஆதாரமாக மக்கள் கொண்டவற்றுள் தலையாயது சுவேதாக்கேயின் ஆடையிலுள்ள குடிச்சின்னம். நீர்வாழ் செடியொன்றின் இலைவடிவான அச்சின்னம் மிசுனோ குடிக்கு உரியது. முகத்தில் ஒப்புமை ஏதுமில்லை. ஒப்புமை இருந்திருப்பினும் பயன்பட்டிராது. ஷோகனின் முகத்தையோ அமைச்சரின் முகத்தையோ எடோவின் தச்சரும் மீன்விற்பவரும் எங்கே கண்டார்கள்? அவர்கள் கண்டவை பல்லக்கிலும் விளக்கிலும் கொடியிலும் பொறித்த சின்னங்களே. எடோவில் ஆள்வோரின் பொதுமுகம் சின்னம். பாரீஸிலோ அரசன் தெருவில் குடையோடு நடந்தார், நாணயத்தில் அவர் முகம் இருந்தது.

அச்சுத் தொழில்நுட்பமும் இதற்கு இயைந்தே நின்றது. கல்லச்சில் ஓவியர் கொழுப்புக் கரிக்கோலால் நேரே கல்லின்மேல் வரைகிறார். கன்னத்தின் தொய்வையும் தாடையின் கனத்தையும் நிழலேற்றத்தால் கொண்டுவர இயலும். மரக்கட்டை அச்சில் ஓவியர் தாளில் வரைந்த கோட்டைச் செதுக்குபவர் கட்டையில் வெட்டுகிறார். அங்கே முகம் பெரும்பாலும் வகைமாதிரி. நடிகர் படங்களில் மட்டும் தனிமுகச் சாயல் தேர்ந்த கலையாக வளர்ந்திருந்தது. தடை விழுந்ததும் அக்கலை மேல்தான். தனிமுகம் வரையும் கலையை ஆட்சி தானே முடக்கியபின், அடையாளம் ஆடைக்கும் கைப்பொருளுக்கும் இடம்பெயர்ந்ததில் வியப்பில்லை.

இத்தகைய வாசிப்புக்கு எடோ மக்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பயிற்சி பெற்றிருந்தனர். அண்மைக்கால ஆட்சியாளர் பற்றிய நிகழ்வுகளை மேடையேற்றவோ அச்சிடவோ தடை இருந்தமையால், நாடகாசிரியர் அவற்றைப் பழைய காலத்துக்கு மாற்றி அமைத்தனர். 1701–1703இல் நடந்த நாற்பத்தேழு வீரர் பழிவாங்கல் 1748இல் பொம்மை நாடகமாக எழுதப்பட்டபோது, கதை பதினான்காம் நூற்றாண்டில் நடப்பதாகவே அமைக்கப்பட்டது. இவ்வாறு கடன்வாங்கும் பழங்காலப் பின்புலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ‘செகாய்’, அதாவது உலகம். பழைய உலகத்தில் புதிய செய்தியைப் பார்ப்பது அவையோரின் வேலை. இம்மாற்றைச் செய்யாது நேரே பெயர் குறித்தவர்க்கு நேர்ந்ததும் அறியப்பட்டதே: 1804இல் கிதகாவா உதாமாரோ, பதினாறாம் நூற்றாண்டு ஆட்சியாளர் ஹிதெயோஷியை அவர் மனைவியரோடு பெயர் சுட்டி வரைந்தமைக்காக 50 நாள் கைவிலங்கு பூண்டார். அவருடன் வேறு ஓவியரும் தண்டிக்கப்பட்டனர். அவர் வரைந்தது இருநூற்றாண்டு பழமையான ஒருவரை. ஆயினும் பெயர் வெளிப்படையாக இருந்தது.

உருவகமும் ஒட்டும்

இவ்விடத்தில் தமிழ் அணியிலக்கணம் வகுத்த ஒரு வேறுபாடு பெரிதும் துணைசெய்கிறது. உருவகத்தில் பொருளும் உவமையும் இரண்டும் வெளிப்பட நின்று ஒன்றாக்கப்படுகின்றன. ஒட்டணியிலோ கவி தாம் கருதிய பொருளை மறைத்து, அதனைப் புலப்படுத்தவல்ல ஒத்த பிறிதொன்றை மட்டும் கூறுகிறார் என்பது தண்டியலங்காரம் தரும் விளக்கத்தின் சாரம். இதனையே பிறிது மொழிதல் எனவும் நுவலா நுவற்சி எனவும் உரையாசிரியர் வழங்கினர். பரிமேலழகர் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் கூறும் குறளுக்கு (475) உரைசெய்கையில் இப்பெயர்களைச் சுட்டுவது நினையத்தக்கது. அக்குறள் அமைந்த இடம் பொருட்பாலின் அரசியல், அதிகாரம் வலியறிதல். வண்டியைப் பற்றி மட்டுமே பேசும் அக்குறளில் அரசன் ஓரிடத்தும் பெயர் பெறவில்லை. அரசனின் அழிவைப் பேசவேண்டிய இடத்தில் அரசனைப் பேசாமல் விடும் இவ்வணி வந்து நிற்பது தற்செயல் எனத் தோன்றவில்லை.

இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்கினால், டோமியேயின் கர்கான்துவா உருவகம். பூதன் உவமை, பேரிக்காய் முகம் பொருள், இரண்டும் ஒரே உடலில் ஒட்டவைக்கப்பட்டுள்ளன. குனியோஷியின் ராய்க்கோ நுவலா நுவற்சி. உவமை முழுமையாக நிற்கிறது; பொருள் ஓரிடத்தும் இல்லை. சின்னம் ஒன்றே அப்பொருளை நோக்கித் திறந்த சாளரம். அச்சாளரத்தையும் மூடிக்கொள்ள இயலும். ஏனெனில் அச்செடிவடிவைச் சின்னமாகக் கொண்ட குடி மிசுனோ குடி மட்டும் அன்று. உறக்கத்துக்குக் கதையில் நோய் காரணமாக உண்டு. இரவுக் காவலும் நாடக மேடையில் பழகிய காட்சியே. பேய்கள் மட்டும் கதைக்குப் புறம்பானவை; ஆயினும் பூதக் கதையில் பூதங்கள் கூடின என்று குற்றஞ்சாட்ட எவர் துணிவார்?

எனினும் இலக்கணத்தை அப்படியே இப்படத்தின்மேல் பொருத்திவிட இயலாது. ஒட்டணியின் இலக்கணம் ‘கவி கருதிய பொருள்’ என்ற ஒன்றை முன்கொள்கிறது. கேட்போர் அக்கருத்தை அடைகின்றனர். அடைந்ததும் அணி நிறைவுறுகிறது. எடோ படத்தில் ஓவியர் கருதியது எது என்று எவரும் நிறுவ இயலாது. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே நிலமாக வகுத்தார். அங்கே கூறுவோரும் கேட்போரும் ஒரே திணை உலகினர், அவர்க்கிடையே பொருள் உறுதியாகக் கைமாறும். எடோவிலோ பொருளைப் படத்துக்குள் வைத்தவர் ஓவியரா, வாசகரா என்பதே தீராத வழக்கு. பேய்களுக்கு மக்கள் கற்பித்த பொருள்களில் பல ஓவியர் எண்ணாதனவாகவும் இருக்கலாம். நவீன ஆய்வாளர் சிலர் ஒவ்வொரு பேய்க்கும் ஒரு தொழிலை உறுதியாக எழுதிப் பட்டியலிடுவது, வதந்தியை ஓவியரின் வாக்குமூலமாக மாற்றிவிடும் செயல். அப்பட்டியல் குனியோஷியைப் பற்றிக் கூறுவதைவிட, 1843இல் எடோ மக்கள் எவற்றை இழந்ததாக உணர்ந்தனர் என்பதைப் பற்றியே மிகுதியாகக் கூறுகிறது. வரலாற்றாசிரியருக்கு அது குறைந்த மதிப்புடையதும் அன்று.

குற்றஞ்சாட்டுவோரின் இடர்

ஆள்வோரை எள்ளும் படத்தின்மேல் வழக்குத் தொடுப்பவர் முதலில் ஒன்றைத் தம் வாயால் கூறியாகவேண்டும்: ‘இவ்வுருவம் இன்னாரே.’ பாரீஸில் அரசு வழக்கறிஞர் இதனைக் கூறினார். வரியை விழுங்கிச் சலுகையைக் கழிக்கும் பூதன் மேதகு மன்னரே என்பதை அவர் நீதிமன்றத்தில் நிறுவவேண்டியிருந்தது, நிறுவி வென்றார். படத்தின் பொருளை ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்த உரைகாரர் அரசே ஆயிற்று. பிலிப்போனின் நான்கு உருவங்கள் இவ்விடரைத்தான் அம்பலமாக்கின. நீதிபதிகள் ஒரு பழத்துக்கும் மன்னருக்கும் உள்ள ஒப்புமையை முகம் சுளிக்காமல் ஆராயவேண்டியதாயிற்று.

எடோ ஆட்சியாளர் அச்சொல்லைக் கூறவில்லை. கூறினால், சீர்திருத்தத்தால் வாடும் மக்கள் பேய்ப்படையாகத் திரளும்போது உறங்கிக் கிடப்பவர் ஷோகன் என்பதை ஆணையிலேயே எழுதவேண்டும். மேலும், அப்படத்தைப் பார்வையிட்டு முத்திரையிட்டவர்கள் அவர்களால் அமர்த்தப்பட்ட நகரத் தலைவர்களே. வதந்தி வலுத்ததும் வெளியீட்டாளர் தாமே அச்சத்தால் படிகளைத் திரும்பப் பெற்று, கட்டைகளின் செதுக்கலைச் சீவி அழித்ததாக நாட்குறிப்பு கூறுகிறது. தண்டனை தேவைப்படவில்லை. ஆனால் அதே பொருளைச் சிறிய அளவில் மீண்டும் அச்சிட்டு மறைவாக விற்றபோது நிலை மாறியது. அப்படத்தின் ஓவியர் உத்தாகவா சதஹிதேயும் வெளியீட்டாளரும் அபராதம் செலுத்த நேர்ந்தது. முதற்படத்துக்கு ‘இது பழங்கதைதானே’ என்னும் அறியாமை வாதம் இருந்தது. வதந்திக்குப் பின் வந்த படத்துக்கு அது இல்லை. பொருள் அதற்குள் ஊரறிந்ததாகிவிட்டது. நுவலாமல் நுவல்வது ஒருமுறைதான் இயலும் என்று இதனைச் சொல்லலாம்: உறையில் இட்ட வாள் ஒருமுறை வெளிப்பட்டபின் அவ்வுறையும் படைக்கலமாகவே எண்ணப்படும்.

மிசுனோ தடாகுனி அவ்வாண்டின் இடைச்செருகல் ஒன்பதாம் மாதத்தில் பதவி இழந்தார். எடோ, ஒசாகா நகரங்களைச் சூழ்ந்த நிலங்களை ஷோகன் ஆட்சியின் நேரடி உடைமையாக்க அவர் முயன்றதும், அதற்கு நிலவுடைமைப் பிரபுக்கள் காட்டிய எதிர்ப்புமே அதன் உடனடிக் காரணம். அவர் மாளிகைமேல் மக்கள் கல்லெறிந்தனர். படத்துக்கும் வீழ்ச்சிக்கும் காரண உறவு கற்பிப்பது மிகை. கல்லெறிந்த கைகளும் புதிர் விடுவித்த கண்களும் ஒரே நகரத்தவை என்பதற்குமேல் கூறச் சான்றில்லை.

கதையின் எந்தக் கணம்?

தொன்மத்தைத் தேர்வதைப் போலவே அதன் எக்கணத்தைத் தேர்வது என்பதும் பொருள் பயப்பது. ராய்க்கோ கதை முழுமையாகச் சொல்லப்பட்டால் அது ஆட்சியின் வெற்றிக் கதை. சிலந்தி மாள்கிறது, வீரன் நலமடைகிறான். குனியோஷி வாள் உருவப்படுவதற்கு முந்தைய கணத்தில் கதையை நிறுத்துகிறார். மரபறிந்தவர்க்கு முடிவு தெரியும். ஆயினும் தாளில் முடிவு இல்லை. தாளில் உள்ளது பேய்கள் திரளும் இரவு மட்டுமே. தணிக்கையாளர் கதையின் முடிவை வாசித்தார். மக்கள் தாளை வாசித்தனர்.

கர்கான்துவாவில் கணமே இல்லை. கூடைகள் ஏறிக்கொண்டே இருக்கின்றன, பட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. நிறுவனத்தை உடலாக வரைந்த படத்துக்குக் கதை தேவைப்படவில்லை. ரபலேயின் பூதன் நிகழ்த்திய செயல்களில் ஒன்றையேனும் டோமியே எடுத்தாளவில்லை. அவர் கொண்டது பெயரையும் வயிற்றையுமே. இதனாலும் அப்படத்தில் ஒளிந்துகொள்ளக் கதையின் மடிப்புகள் இல்லை.

பிரெஞ்சு அரசு தன் இடரிலிருந்து மீளும் வழியை 1835 செப்டம்பர்ச் சட்டங்களில் கண்டது. எழுத்து கருத்தாகும், படமோ செயலாகும் என்னும் வாதத்தின்மேல் படங்களுக்கு மட்டும் முன்னனுமதி மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இனி எந்த வழக்கறிஞரும் நீதிமன்றத்தில் பேரிக்காயைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. அனுமதி மறுத்தால் போதும், காரணம் கூறவேண்டியதில்லை. ‘லா கரிக்காத்தூர்’ அவ்வாண்டிலேயே நின்றது. சாசனம் ஒழித்ததாகக் கூறிய தணிக்கையை நோக்கிப் பாரீஸ் திரும்பியபோது, அதே முறை நெடுங்காலமாக நிலவிய எடோவில் அதனைக் கடந்து வாசிக்கும் மக்கள் உருவாகியிருந்தனர்.

டோமியே அரசனை வரைவதை விட்டார், தொன்மத்தை விடவில்லை. 1841 முதல் 1843 வரை, எடோவில் சீர்திருத்தம் நடந்த அதே ஆண்டுகளில், ‘லெ ஷாரிவாரி’ இதழில் பண்டைய வரலாறு என்னும் தலைப்பில் 50 கல்லச்சுப் படங்களை வெளியிட்டார். கிரேக்கத் தொன்மத்தின் வீரரும் தேவியரும் அவற்றில் தொந்தி சரிந்தும் முதுகு கூனியும் பல்லிழந்தும் தோன்றுகின்றனர். எம்முகத்திலும் லூயி பிலிப்பின் சாயல் இல்லை. தணிக்கையாளர் அவற்றுக்கு அனுமதி வழங்கினர்.